எந்த மலைக் கல், யார் கை உளி

ரோமானிய நினைவுக்கல் ஒன்றைப் பார்க்கக் கூப்பிட்டால் நான் நேராக அதன் முதுகுப் பக்கம்தான் போவேன். முன்பக்கத்தில் கணவன், மனைவி, பிள்ளை, புராணக் காட்சி, லத்தீன் எழுத்து எல்லாம் இருக்கும். அதைப் படிக்கக் கலை வரலாற்றுக்காரர்களும் கல்வெட்டு அறிஞர்களும் இருக்கிறார்கள். பாறையியல் படித்த எனக்கு வேண்டியது யாரும் மெருகிடாத இடம். உடைந்த விளிம்பு, உளி கொத்திய பின்புறம், பீடத்துக்குள் புதைந்திருந்த அடிப்பாகம். கல்லின் மணிகள் அங்கேதான் கண்ணுக்குப் புலப்படும். நகத்தளவு சில்லு எடுத்துக்கொள்ள அருங்காட்சியகத்தார் சம்மதிப்பதும் அங்கேதான்.

கிழக்கு ஆல்ப்ஸ் மலைகள் தணிந்து சமவெளிக்கு இறங்கும் பகுதியில் என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. இன்று அது தெற்கு ஆஸ்திரியா, ஸ்லோவேனியா. அன்று நோரிக்கம் என்ற ரோமானிய மாகாணமும் அதை ஒட்டிய பன்னோனியாவும். விருனும், ஃபிளாவியா சோல்வா, செலேயா, போயெட்டோவியோ என்று நான்கு பழைய ஊர்ப்பெயர்களுக்குள் என் அன்றாடம் அடங்கிவிடும். கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளில் இந்த ஊர்களின் வசதியான குடும்பங்கள் சாலையோரங்களில் பளிங்குக் கல்லறைகள் எழுப்பின. உள்ளூர்ப் பெண்கள் தங்கள் நாட்டுத் தொப்பியோடும் தோளில் பெரிய கொக்கி ஊசிகளோடும் அவற்றில் நிற்கிறார்கள். பக்கத்தில் கண்ணாடியும் நகைப்பெட்டியும் ஏந்திய பணிப்பெண், எழுதுபலகை பிடித்த எழுத்தர். வடிவம் ரோமிலிருந்து வந்தது. முகமும் உடையும் அந்த மண்ணுடையவை.

இந்தக் கற்களிடம் கேட்க இரண்டு கேள்விகள் உண்டு. கல் எந்த மலையில் வெட்டப்பட்டது? அதைச் செதுக்கிய பட்டறை எது? பழைய பட்டியல்களில் இரண்டுக்கும் ஒரே பதில்தான் இருந்தது. ஃபிளாவியா சோல்வாவில் கிடைத்தால் ஃபிளாவியா சோல்வாப் பட்டறை, போயெட்டோவியோவில் கிடைத்தால் போயெட்டோவியோப் பட்டறை. கிடைத்த ஊரின் பெயரையே கல்லுக்கும் கைக்கும் சேர்த்து எழுதிவிட்டார்கள். அந்த இரண்டையும் பிரித்து வைப்பதுதான் என் தொழில் என்று சொல்வேன்.

முதலில் கல். கைலென்ஸும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் போதும், பாதிக் குழப்பம் தீரும். சுண்ணாம்புப் பளிங்கில் ஒரு சொட்டு விட்டால் சீறும். டோலமைட் பளிங்கு பொடித்தால்தான் மெல்ல நுரைக்கும். மர்மரா கடல் தீவிலிருந்து வந்த பளிங்கை உடைத்தால் கந்தக வாடை வீசும். உள்ளூர் ஆல்ப்ஸ் பளிங்குகள் பெரும்பாலும் பருமணிக் கல். வெளிச்சத்தில் திருப்பினால் மணிகள் தனித்தனியாக மின்னும். கிரேக்கத்துப் பென்டெலிகான் மலையின் நுண்மணிப் பளிங்கை இவற்றோடு குழப்பிக்கொள்ள வழியே இல்லை.

அடுத்து மென்சீவல். சில்லை 0.03 மில்லிமீட்டர் வரை தேய்த்து, ஒளி ஊடுருவும்படி கண்ணாடியில் ஒட்டி, நுண்ணோக்கியில் வைப்போம். பெரிய மணியின் அளவு என்ன, மணிகளின் எல்லை நேர்கோடா வளைவா, கால்சைட்டின் இரட்டைப் பட்டைகள் நெளிந்திருக்கின்றனவா, இடையில் அபிரகம் உண்டா என்று பார்ப்போம். கிரேக்கப் பளிங்குகளை இந்த வழியில் வகைப்படுத்த ஜெர்மானியப் புவியியலாளர் லெப்ஸியஸ் 1890-இலேயே முயன்றார். ஒரே மலையில் இரண்டு அடி தள்ளி வெட்டினாலும் மணி அளவு மாறும் என்பதால் அந்த வழி மட்டும் போதவில்லை.

1972-இல் ஹார்மன் கிரெய்க், வலேரி கிரெய்க் இருவரும் நக்ஸோஸ், பாரோஸ், ஹைமெட்டஸ், பென்டெலிகான் ஆகிய நான்கு கிரேக்கச் சுரங்கப் பகுதிகளின் பளிங்கை ஐசோடோப்புகளால் பிரித்துக் காட்டினார்கள். பளிங்கு என்பது ஒரு காலத்தில் கடலடிச் சுண்ணாம்பு. பூமிக்குள் அழுந்தி வெந்து மறுபடி படிகமானது. அந்தக் கடல், அந்த வெப்பம், இடையில் ஊடுருவிய நீர் ஆகிய எல்லாமே கார்பன்-13, ஆக்சிஜன்-18 விகிதங்களில் தடம் விட்டிருக்கும். சில மில்லிகிராம் தூளைப் பாஸ்பாரிக் அமிலத்தில் கரைத்து, வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை நிறைமாலைமானியில் அளந்தால் வரைபடத்தில் ஒரு புள்ளி கிடைக்கும். தூளை மேல்தோலிலிருந்து எடுக்கக்கூடாது. மழையும் புகையும் அங்கே ஆக்சிஜன் அளவை மாற்றியிருக்கும். தோலுக்கு அடியில், புதிதாக மின்னும் இடம் வரை போக வேண்டும்.

எங்கள் பகுதியில் போட்டி முக்கியமாக இரண்டு மலைகளுக்கு இடையே. ஒன்று, ஆஸ்திரியாவில் வில்லாக் நகருக்கு அருகே ட்ராவா ஆற்றின் பள்ளத்தாக்கில் உள்ள கும்மர்ன். இன்னொன்று, ஸ்லோவேனியாவின் போஹோர்யே மலை. இரண்டும் பருமணி, இரண்டும் வெள்ளையில் சாம்பல் ஓடியவை. ஐசோடோப்பு வரைபடத்திலும் இவற்றின் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்கும். அந்தப் பொது இடத்தில் புள்ளி விழுந்தால் மற்ற சோதனைகளைக் கூப்பிட வேண்டும். எலக்ட்ரான் கற்றையில் மாங்கனீசு கொண்ட கால்சைட் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். இரும்பு கூடினால் அந்த ஒளி மங்கும். மணிகளுக்குள் சிறைப்பட்ட நுண்துளி நீரை, கல்லை நொறுக்கி வெளியே எடுத்து, அதிலுள்ள சோடியம், குளோரின், புரோமின், அயோடின் ஆகியவற்றை அளக்கும் முறையை லெயோபென் நகரின் வால்டர் புரோஹாஸ்கா வளர்த்தெடுத்தார். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். ரோம் பிறப்பதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கல்லுக்குள் மாட்டிய உப்புநீர், அந்தக் கல் எந்த மலையைச் சேர்ந்தது என்று இன்று சாட்சி சொல்கிறது.

எல்லா எண்களையும் கணினியில் கொட்டினால் ‘கும்மர்ன், 92 சதவீதம்’ என்பதுபோல ஒரு விடை வரும். அந்த எண்ணை எச்சரிக்கையோடு கையாள வேண்டும். பட்டியலில் உள்ள சுரங்கங்களுக்குள் எது நெருக்கம் என்று மட்டுமே அது சொல்கிறது. நாம் மாதிரி எடுக்காத சுரங்கத்தின் பெயர் எந்தக் காலத்திலும் விடையாக வராது. ஆகவே நான் உறுதியாகச் சொல்வது பெரும்பாலும் ‘இந்த மலை அல்ல’ என்பதைத்தான். ஒருமுறை ஒரு மாகாண அருங்காட்சியகத்தில் இரண்டு துண்டுகளை ஒரே கல்லறையின் பாகங்கள் என்று அருகருகே வைத்திருந்தார்கள். ஒன்றில் வட்டச் சட்டத்துக்குள் தம்பதியின் மார்பளவு உருவம், மற்றொன்றில் படுத்திருக்கும் சிங்கம். அளவு பொருந்தியது, காலமும் பொருந்தியது. மென்சீவலில் ஒன்றின் மணி மற்றதைப் போல மூன்று மடங்கு. நுண்துளி உப்பும் வேறு. பொறுப்பாளர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு அவரே சிங்கத்தை வேறு மேடைக்கு மாற்ற ஏற்பாடு செய்தார். இந்தத் தொழிலில் நான் மதிப்பவர்கள் அப்படிப்பட்டவர்கள்.

சுரங்கங்களுக்குப் போகாமல் ஆய்வகத்திலேயே உட்கார்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் புரிவதில்லை. ரோமானியர் வெட்டிய முகப்பை இன்று பார்ப்பது அரிது. கும்மர்ன் இன்றும் ஓடும் சுரங்கம். அங்கே வெட்டும் பளிங்கைப் பொடித்துக் காகிதத்துக்கும் வண்ணப்பூச்சுக்கும் அனுப்புகிறார்கள். பழைய உளித்தடங்கள் இருந்த பாறைகளில் எத்தனையோ அந்தப் பொடியோடு போயின. அங்கே நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் மாதிரி எடுக்க எங்கே போகலாம் என்று கேட்டேன். “முதலில் சுத்தியலால் தட்டிக் கேளுங்கள், ஐயா. மணிச்சத்தம் வந்தால் அந்தக் கல்லை அந்தக் காலத்திலும் எடுத்திருப்பார்கள். தொப்பென்று சத்தம் வந்தால் அவர்களும் விட்டுத்தான் போயிருப்பார்கள்” என்றார். அன்று அவர் தட்டிக் காட்டிய இடங்களிலிருந்து எடுத்த சில்லுகள் இன்றும் என் ஒப்பீட்டு மாதிரிகளில் இருக்கின்றன.

போஹோர்யே வேறு மாதிரி. பளிங்கு அங்கே ஒரே திட்டாக இல்லை. பட்டைப்பாறைகளுக்கு நடுவே ஆங்காங்கே வில்லை வில்லையாகச் செருகிக் கிடக்கிறது. காட்டுக்குள் ஏறினால் பாசி மூடிய பள்ளங்கள், அவற்றின் ஓரத்தில் சில்லுக் குவியல்கள். ஸ்லோவேனியத் தொல்லியலாளர் போயான் ட்யூரிச் இந்தச் சுரங்கங்களையும் போயெட்டோவியோவின் கற்களையும் சேர்த்து ஆராய்ந்தவர். அந்தக் குவியல்களில் காலை வைத்தாலே தெரியும், இங்கே வெறும் கட்டியை மட்டும் உடைத்து அனுப்பவில்லை என்று. பெரிய உடைசல்களுக்கு நடுவே விரல் கனத்துச் சீவல்களும் கிடக்கும். கட்டியைச் சதுரிக்கும்போதும் உருவுக்குக் கொண்டுவரும்போதும் தெறிப்பவை அவை.

அப்படிச் செய்ததற்குக் கணக்கு இருக்கிறது. 301-இல் பேரரசர் டயோக்ளீஷியன் வெளியிட்ட விலைக் கட்டளை, 1,200 ரோமானிய பவுண்டு வண்டிச் சுமைக்கு மைலுக்கு 20 டெனாரியஸ் என்று உச்சவரம்பு வைக்கிறது. பளிங்கு வேலைக்காரருக்கு நாளொன்றுக்குச் சாப்பாட்டோடு 60 டெனாரியஸ். ஒரு கன மீட்டர் பளிங்கு 2.7 டன், ஏறக்குறைய ஏழு வண்டிச் சுமைக்கு ஈடு. அதாவது மைலுக்குச் சுமார் 140 டெனாரியஸ், கைதேர்ந்த ஒருவரின் இரண்டு நாள் கூலிக்கும் மேல். எங்கள் கற்கள் இந்தக் கட்டளைக்கு முந்தியவைதான்; ஆனாலும் எடைக்கும் கூலிக்கும் உள்ள உறவு பெரிதாக மாறியிருக்காது. வேண்டாத கல்லை வண்டியில் ஏற்றி ஊர் கொண்டுபோய்ச் சீவிக் கொட்ட யாருக்குத் தோன்றும்? சட்டம், பீடம், தூண் வடிவம் எல்லாம் மலையிலேயே பாதி முடிந்திருக்க வேண்டும். மர்மரா தீவின் சுரங்கங்களில் அரைகுறையாக உருவெடுத்த கல்பெட்டிகள் இன்றும் கிடக்கின்றன. முகம் மட்டும் செதுக்காமல் விட்ட கல்பெட்டிகள் பேரரசு முழுவதும் உண்டு. முகம் வாங்குபவருடையது, அவர் வந்த பிறகுதான் அதற்கு வேலை.

கூலிக்கணக்கின் மறுபக்கம் ஆறு. கும்மர்ன் கல் ட்ராவாவில் இறங்கினால் கீழ்நோக்கி வழி திறந்திருக்கிறது. போயெட்டோவியோ அதே ஆற்றங்கரை ஊர். ஆனால் போயெட்டோவியோவுக்குப் பக்கத்திலேயே போஹோர்யே இருக்கிறது. அதனால் அந்த ஊரின் பெருமையான கல்லே போஹோர்யேப் பளிங்குதான். இன்று ப்துய் என்று அழைக்கப்படும் அந்த ஊரின் சதுக்கத்தில் ஏறக்குறைய 5 மீட்டர் உயரத்தில் நிற்கிறது ஓர்ஃபியஸ் நினைவுக்கல். 2-ஆம் நூற்றாண்டில் நகர ஆட்சியாளர் மார்க்கஸ் வலேரியஸ் வேருஸுக்காக எழுப்பியது. யாழ் மீட்டும் ஓர்ஃபியஸைச் சுற்றி விலங்குகள் கேட்டு நிற்கும் காட்சி இருந்ததால் அந்தப் பெயர். இடைக்காலத்தில் குற்றவாளிகளைக் கட்டிவைக்கும் கம்பமாக அதைப் பயன்படுத்தினார்கள். எழுத்து பெரும்பாலும் தேய்ந்துபோனது. அத்தனை உயரமான ஒற்றைப் பாளம் விரிசல் இல்லாமல் கிடைக்க அந்த மலையில் எந்த வில்லை இடம் கொடுத்திருக்கும் என்று அங்கே போகும்போதெல்லாம் யோசிப்பேன்.

செலேயாப் பகுதியின் ஷெம்பேட்டருக்கு என் மனதில் தனி இடம். சாவின்யாப் பள்ளத்தாக்கில், செலேயாவிலிருந்து எமோனாவுக்குப் போன சாலையோரத்தில் இருந்த கல்லறைத் தொகுதி அது. 3-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளம் வந்து கல்லறைகளைச் சாய்த்து வண்டலில் மூடியது. 1952-இல் மறுபடி வெளிப்பட்டது. வின்டோனியஸ், என்னியஸ், ஸ்பெக்டாட்டியஸ் குடும்பங்களின் கல்லறைகள் இன்று அங்கே நிமிர்ந்து நிற்கின்றன. ஸ்பெக்டாட்டியஸ் பிரிஸ்கியானுஸின் கல்லறை 8 மீட்டருக்கு மேல். அதில் இஃபிஜீனியா கதை. என்னியஸ் கல்லறையில் காளைமேல் ஏறிப்போகும் ஐரோப்பா. எல்லாம் போஹோர்யேப் பளிங்கு. சிற்பம் அழகு என்பதற்காக மட்டும் எனக்கு அந்த இடம் முக்கியமில்லை. மற்ற ஊர்களில் கல்லை யாராவது பெயர்த்துக் கோட்டைச் சுவரிலோ தேவாலயத்திலோ பதித்திருப்பார்கள், அல்லது சுண்ணாம்புக் காளவாயில் போட்டிருப்பார்கள். இங்கே யாருடைய கல்லறை, எங்கே நின்றது, எதன்மேல் எது இருந்தது என்பதெல்லாம் வண்டலில் பத்திரமாக இருந்தது. ஒரே குடும்பம், ஒரே கல், ஒரே கட்டுமானம் என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில்தான் ‘எத்தனை கைகள்’ என்ற கேள்வியைக் கேட்க முடியும்.

நான் அங்கே சாய்வெளிச்சத்தில் தடம் பார்த்த நாட்களில் கற்றது என்னவென்றால், ஒரு கல்லறை பல கைகளின் வேலை. சட்ட ஓரத்தில் தட்டையுளி ஒரே சாய்வில் ஓடுகிறது; வேகமான, பழகிய கை. பின்னணியில் கூருளிக் கொத்து, அதன்மேல் பல்லுளி. தலைமுடிச் சுருளுக்குள் துளைக்கருவி இறங்கிய குழிகள். முகத்தில் மட்டும் அரம், அதுவும் வேறு பொறுமையோடு. கருவிழியைத் துளையிட்டுக் காட்டும் பழக்கம் ஹேட்ரியன் காலத்தில் பரவியது என்பதால் முகத்துக்குக் காலம் சொல்ல முடியும். சட்டத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது. கல்வெட்டுச் சட்டத்தின் மேல்புறம் வளைந்து சுருண்டு முடியும் ஒரு வேலைப்பாடு இந்தப் பகுதிக்கே உரியது. நோரிக்க-பன்னோனியச் சுருள் என்று எங்கள் துறையில் சொல்வோம். அது இருந்தால் ஒரே பட்டறை என்று எழுதியவர்கள் உண்டு. அந்தச் சுருளை ஒரே மாதிரி அட்டை வைத்து எத்தனை பேர் வேண்டுமானாலும் வெட்டலாம். நான் சுருளை விட்டுவிட்டு அதன் அடியில் மறைந்த மூலையைப் பார்ப்பேன். அந்த மூலையை எப்படி முடிக்கிறார்கள் என்பதில் யாரும் யாரையும் பின்பற்றுவதில்லை. அங்கேதான் கை தெரியும்.

கல் ஒரு ஊர், கை வேறு ஊர் என்பதற்கு எங்கள் பகுதிக்கு வெளியே தெளிவான சாட்சிகள் உண்டு. இங்கிலாந்தின் வடகிழக்கில், சவுத் ஷீல்ட்ஸில், ரெஜினா என்ற பெண்ணுக்கு அவள் கணவன் பராட்டீஸ் வைத்த கல்லறைக்கல் இருக்கிறது. அவன் சிரியாவின் பால்மைராவைச் சேர்ந்தவன். லத்தீனுக்குக் கீழே பால்மைரா எழுத்தும் உண்டு. உட்காரும் விதம், உடை மடிப்பு எல்லாம் பால்மைரா மரபு. அங்கேயே கிடைத்த விக்டர் என்ற மூர் இன இளைஞனின் கல்லும் அதே மரபில் பழகிய கையின் வேலை. பாத் நகரில், சுலிஸ் தெய்வத்துக்குக் கல் வைத்த பிரிஸ்கஸ், தான் கல்தச்சன் என்றும் இன்றைய பிரான்சின் ஷார்த்ர் பகுதிக்காரன் என்றும் எழுதியிருக்கிறான். உளி வைத்திருந்தவர்கள் நடந்தார்கள். ‘பட்டறை’ என்று ஊருக்குள் ஒரு கொட்டகையைக் கற்பனை செய்துகொள்வதே பிழை என்று நான் நினைக்கிறேன். எங்கள் ஆல்ப்ஸிலும் அது மலைக்கும் ஊருக்கும் இடையே நகர்ந்த ஒரு கூட்டம். ஃபிளாவியா சோல்வாவில் கும்மர்ன் கல்லும் போஹோர்யேக் கல்லும் அருகருகே கிடைப்பதை வேறு எப்படி விளங்கிக்கொள்வது?

ஃபிளாவியா சோல்வாவுக்கு வீட்டு வாசலிலேயே இன்னொரு கல் இருந்தது. அஃப்லென்ட்ஸ் சுண்ணாம்புக்கல், ஈரத்தோடு வெட்டும்போது மென்மையானது, நிலத்தடிக் குகைகளிலிருந்து எடுப்பது. கட்டடத்துக்கு அது, உருவத்துக்குப் பளிங்கு என்பது பொது வழக்கம். அந்தக் குகைக்குள் தடம் பார்க்கப் போகிறவர் இன்னொன்றையும் தெரிந்துகொண்டு போக வேண்டும். 1944-இல் மவுத்தாவுசன் வதைமுகாமின் கிளை முகாம் ஒன்றை அங்கே வைத்து, ஆயுத உற்பத்திக்காகக் கைதிகளைக் கொண்டு குகைகளை விரிவாக்கினார்கள். ரோமானியத் தடமா, பிந்தைய தடமா என்று பிரிப்பது எங்களுக்குத் தொழில்நுட்பக் கேள்வி. அங்கே அந்தக் கேள்வி அத்தோடு நிற்பதில்லை. நான் மாணவர்களை அழைத்துப்போகும்போது, முதலில் அந்தக் கைதிகளைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் விளக்கைச் சுவரில் சாய்ப்பேன்.

வடக்கே டான்யூப் கரையில் கர்னுண்டும் பக்கம் போனால் வேலைமுறையே மாறும். அங்கே கல், லைத்தா மலைத்தொடரின் சுண்ணாம்புக்கல். ஐசோடோப்பு பெரிதாக உதவாது. பாசிக்கட்டிகளும் நுண்ணுயிர்க் கூடுகளும்தான் அடுக்கைக் காட்டிக்கொடுக்கும். கர்னுண்டும் பக்கத்தில் பஃபென்பெர்க் என்ற குன்றின்மேல் ஜூபிடர் கோயில் வளாகம் ஒன்று இருந்தது. 1970 முதல் 1985 வரை அகழ்ந்து பதிவு செய்தார்கள். பிறகு நவீன கல் சுரங்கம் அந்தக் குன்றின் உச்சியையே தின்றுவிட்டது. கற்கள் காப்பகத்தில் இருக்கின்றன, அவை நின்ற இடம் இல்லை.

பதித்த கற்கள் தரும் தொல்லை தனி. லைப்னிட்ஸ் அருகே ஸெகாவ் கோட்டையில், 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பழைய கோபுரத்தை இடித்தபோது ஃபிளாவியா சோல்வாவின் கற்கள் குவியலாக வெளிவந்தன. அவற்றைச் சுவரில் வரிசையாகப் பதித்தார்கள். விருனுமின் கற்கள் மரியா ஸால் தேவாலயச் சுவரில் இருக்கின்றன. இரட்டைக் குதிரை பூட்டிய பயண வண்டி ஒன்று அதில் எல்லோருக்கும் தெரிந்த புடைப்பு. காப்பாற்றியவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் முன்பக்கம் மட்டும் தெரிய, முதுகைக் காரையில் புதைத்துவிட்டார்கள். இரும்புக் கொக்கிக்கான குழி எங்கே, ஈயம் ஊற்றிய தடம் எங்கே, அடுத்த கல்லோடு சேர்ந்த விளிம்பு எது என்பதெல்லாம் சுவருக்குள். அப்படிப்பட்ட கல்லில் எடுக்கக்கூடிய சில்லு ஓரத்து உடைசல் ஒன்றுதான். அது என்ன மலை என்று சொல்லும், யார் கை என்று சொல்லாது.

இப்போது பழுதுபார்ப்பவர்கள் ஒரு கல்லைச் சுவரிலிருந்து கழற்ற நேர்ந்தால் கூப்பிட்டுச் சொல்கிறார்கள். கழற்றிய கல் திரும்ப ஏறும் முன் பின்புறத்தை முப்பரிமாணத்தில் பதிவு செய்துவிடுகிறோம், சில்லும் எடுத்துவிடுகிறோம். அருங்காட்சியகங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பெயர்ப்பலகையில் கல்லுக்கு ஒரு வரி, கைக்கு ஒரு வரி என்று தனித்தனியாக விடுங்கள். கல்லின் வரியை எங்களால் பெரும்பாலும் நிரப்ப முடியும். கையின் வரி காலியாக இருந்தால், ஊர்ப்பெயரை எழுதி அதை நிரப்பாமல் காலியாகவே விடுங்கள். ஒரு சிறிய அருங்காட்சியகம் ஒப்புக்கொண்டு அப்படியே வைத்திருக்கிறது. அங்கே போன இளைய ஆய்வாளர் ஒருவர் அந்தக் காலி வரியைப் பார்த்துவிட்டு, இப்போது மூலை முடிப்புகளை மட்டும் படம்பிடித்து ஊர் ஊராகச் சேர்த்து வருகிறார்.